1938 செப்டம்பர்: மியூனிக்குக்கு முன் இருந்த வழிகளும் கணக்கில் விடுபட்ட துணைவலியும்

1938 செப்டம்பர் 18ஆம் நாள் பிரெஞ்சுப் பிரதமர் எதுவார் தலாதியே லண்டனுக்கு வந்து, பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லேனுடன் நெடுநேரம் ஆலோசனை நடத்தினார். மூன்று நாட்களுக்கு முன்புதான் சேம்பர்லேன் பெர்க்டெஸ்காடன் மலைவீட்டில் ஹிட்லரைச் சந்தித்திருந்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லையோரத்தில் ஜெர்மன் மொழியினர் பெரும்பான்மையாக வாழ்ந்த சூடேட்டன் பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்கச் செய்வதா, மறுத்துவிட்டுப் போருக்குத் துணிவதா என்பதுதான் அன்று அவர்கள் முடிவு காண வேண்டியிருந்த கேள்வி. விட்டுக்கொடுக்கச் செய்வதென்று முடிவானது. பன்னிரண்டு நாட்களில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாட்டுத் தலைவர்கள் கூடி, சூடேட்டனை ஜெர்மனிக்குக் கொடுக்கும் மியூனிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஓராண்டு நிறைவதற்குள் உலகப் போர் மூண்டது.

சேம்பர்லேன் கோழை என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. அவர் கோழையல்லர், 69 வயதில், விமானப் பயணம் பழக்கமில்லாத நிலையில், இரண்டு வாரத்தில் மூன்று முறை ஜெர்மனிக்குப் பறந்தவர். அவருக்கும் தலாதியேவுக்கும் முன் நான்கைந்து வழிகள் இருந்தன, அவற்றில் விலையில்லாத வழி ஒன்றுகூட இல்லை. அவற்றை எடைபோடும்போது, அன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தவற்றையும், போருக்குப் பிறகு நியூரம்பர்க் விசாரணையிலும் கைப்பற்றப்பட்ட ஆவணங்களிலும் வெளிவந்தவற்றையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். அப்படிப் பார்த்தாலும் என் முடிவு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. லண்டனில் தன்வலியையும் மாற்றான்வலியையும் கவனமாகவும், சற்று மிகையான அச்சத்தோடும் கணக்கிட்டார்கள். துணைவலியை, அதாவது நட்பு நாடுகளின் பலத்தை, கணக்கில் சேர்க்கவே இல்லை.

துணை என்று யார் இருந்தார்கள்? செக்கோஸ்லோவாக்கியா ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு. அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் ஜெர்மானியர். நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் இருந்த மலைத்தொடர்கள்தான் அதன் இயற்கை அரண், அந்த மலைகளிலேயே கான்கிரீட் கோட்டை வரிசைகள் எழுப்பப்பட்டிருந்தன. பில்சன் நகரின் ஸ்கோடா ஆலை ஐரோப்பாவின் பெரிய ஆயுதத் தொழிற்சாலைகளில் ஒன்று. முழுமையாகத் திரட்டினால் ஏறத்தாழ 35 டிவிஷன் படை அந்த நாட்டிடம் இருந்தது. பிரான்சுடன் அதற்குப் பரஸ்பர உதவி ஒப்பந்தம் உண்டு. 1935 மே மாதம் சோவியத் யூனியனோடும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. ஆனால் பிரான்ஸ் முதலில் களமிறங்கினால்தான் சோவியத்தின் கடமை தொடங்கும் என்பது அதிலிருந்த நிபந்தனை. ஆக எல்லாமே பாரிஸைப் பொறுத்திருந்தது. பாரிஸோ லண்டனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்த வழியை, அதாவது விட்டுக்கொடுத்தலை, முதலில் அதன் வலுவான வாதங்களோடு பார்ப்போம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு அநீதி இழைத்தது என்ற குற்ற உணர்வு பிரிட்டனில் பரவலாக இருந்தது. சுயநிர்ணயம் எல்லோருக்கும் உண்டென்றால் சூடேட்டன் ஜெர்மானியருக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு எளிதில் விடை சொல்ல முடியவில்லை. தென்னாப்பிரிக்காவும் கனடாவும் செக்கோஸ்லோவாக்கியாவுக்காகப் போருக்கு வரத் தயாராக இல்லை. அமெரிக்கா தன் நடுநிலைச் சட்டங்களுக்குள் ஒதுங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக வான்தாக்குதல் பற்றிய பயம். போர் தொடங்கிய அறுபது நாளில் ஆறு லட்சம் பேர் குண்டுவீச்சில் இறப்பார்கள் என்று பிரிட்டிஷ் அரசுக்குள் ஒரு மதிப்பீடு உலவியது. ஆறு ஆண்டுப் போர் முழுவதிலும் பிரிட்டனில் குண்டுவீச்சால் இறந்த பொதுமக்கள் சுமார் 60,000 பேர் என்பது பின்னால் தெரிந்த கணக்கு. 1938இல் அந்தப் பீதியைப் பீதி என்று அடையாளம் காண்பது எளிதல்ல. பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டினார்கள். கோடிக்கணக்கில் விஷவாயு முகமூடி வழங்கினார்கள். ஸ்பிட்ஃபயர் விமானமோ அப்போதுதான் விமானப்படையின் ஒரே ஓர் அணிக்கு வந்து சேரத் தொடங்கியிருந்தது.

இந்த வழியால் கிடைத்த ஆதாயங்களையும் மறைக்கக் கூடாது. அடுத்த ஓராண்டில் ரேடார் நிலையங்கள் பெருகின, நவீன போர்விமானங்கள் வந்தன. 1940 கோடையில் பிரிட்டனைக் காப்பாற்றியவை அவைதான். 1939 செப்டம்பரில், பிரிட்டிஷ் பேரரசின் தன்னாட்சி நாடுகளான டொமினியன்கள், அயர்லாந்து நீங்கலாக, சேர்ந்து வந்தன. தென்னாப்பிரிக்கா மட்டும் நாடாளுமன்றத்தில் 80க்கு 67 என்ற வாக்கு வேறுபாட்டில் நடுநிலையைக் கைவிட்டது. ஆனால் மியூனிக்கைப் பின்னாளில் நியாயப்படுத்தியவர்கள் சொல்லும் ‘காலம் வாங்கினோம்’ என்ற வாதத்தை, சேம்பர்லேனின் அன்றைய முதன்மை நோக்கமாகக் கொள்ள முடியாது. கால அவகாசத்துக்காக விட்டுக்கொடுப்பவர் ‘நம் காலத்துக்கான சமாதானம்’ என்று சன்னலில் நின்று அறிவிக்கமாட்டார். முதல் சந்திப்பு முடிந்ததும், கொடுத்த வாக்கை நம்பத்தக்க மனிதர் ஹிட்லர் என்ற எண்ணம் தமக்கு ஏற்பட்டதாகத் தம் சகோதரிக்கு எழுதியவர் அவர். அவர் வாங்க நினைத்தது காலத்தை அல்ல, நிலையான உடன்பாட்டை.

இழப்பின் பக்கம் நீளமானது. மலை அரணும் கோட்டை வரிசையும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் கைமாறின. போலந்து அக்டோபரில் டெஷென் பகுதியை எடுத்துக்கொண்டது; நவம்பர் 2ஆம் நாள் வியன்னாவில் ஜெர்மனியும் இத்தாலியும் நடுவர்களாக அமர்ந்து தென் ஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹங்கேரிக்கு எழுதிக் கொடுத்தன. அரண் இழந்த நாடு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. 1939 மார்ச் 15ஆம் நாள் ஜெர்மன் படை தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தது. அங்கே கிடைத்தவற்றை ஹிட்லரே ஏப்ரல் 28ஆம் நாள் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைஷ்டாகில் பெருமையோடு பட்டியலிட்டார்: 469 டாங்கிகள், 1,500க்கு மேற்பட்ட விமானங்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரைஃபிள் துப்பாக்கிகள். 1940 மே மாதம் பிரான்சுக்குள் பாய்ந்த பத்துப் பான்சர் (டாங்கிப் படை) டிவிஷன்களில் மூன்று, பெருமளவுக்குச் செக் டாங்கிகளை நம்பியிருந்தவை. ரோம்மெல் தலைமையேற்ற ஏழாவது டிவிஷன் அவற்றில் ஒன்று. 1938இல் ஜெர்மனியிடம் இருந்த பான்சர் டிவிஷன்கள் மொத்தமே மூன்றுதான். செக் நாட்டின் தங்கத்தில் ஒரு பகுதிகூட, பன்னாட்டுத் தீர்வு வங்கியின் வழியாக, லண்டனிலிருந்தே ஜெர்மனியின் கணக்குக்கு மாற்றப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது வெளிவந்தபோது எழுந்த கூச்சல் நியாயமானதே.

அடுத்த வழி, ஹிட்லரோடு இரண்டாவது சந்திப்பு நடந்த ஜெர்மன் நகரமான கோடெஸ்பர்கில் மறுத்துப் போருக்குத் துணிந்திருப்பது. இதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது, ஏனென்றால் சில நாள் அவர்கள் இந்த வழியில்தான் நடந்தார்கள். செப்டம்பர் 22ஆம் நாள், கேட்டது கிடைத்துவிட்டது என்ற செய்தியோடு வந்த சேம்பர்லேனிடம், அது போதாது, சில நாட்களுக்குள் படை நுழைய வேண்டும் என்றார் ஹிட்லர். மறுநாள் செக்கோஸ்லோவாக்கியா முழுப் படைத்திரட்டு அறிவித்தது. 25ஆம் நாள் பிரிட்டிஷ் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸே தம் பிரதமரிடமிருந்து விலகி நின்றார். 26ஆம் நாள், ஜெர்மனி தாக்கினால் பிரான்ஸ் உதவிக்கு வரும், பிரிட்டனும் ரஷ்யாவும் பிரான்சோடு நிற்கும் என்று லண்டனில் அறிக்கை வெளியானது. பிரிட்டிஷ் கடற்படை திரட்டப்பட்டது. அந்த நிலையில்தான் முசோலினியின் வேண்டுகோளை ஏற்று ஹிட்லர் மாநாட்டுக்கு இணங்கினார். சில நாள் உறுதி காட்டியதற்கே அவர் ஓர் அடி பின்வாங்கினார் என்பதை மியூனிக்கில் கூடிய நால்வரில் இருவர் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

போர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜெர்மன் படையின் பெரும்பகுதி செக் எல்லையில் குவிந்திருந்தது. மேற்கில் ஐந்து போர்முனை டிவிஷன்களும் ஏழு துணைநிலை டிவிஷன்களும்தான் இருந்தன, மேற்கு எல்லைக் கோட்டை வரிசையான ‘மேற்கு அரண்’ என்பது பெரிய கட்டுமானத் தளம் மட்டுமே என்று நியூரம்பர்கில் ஜெர்மன் ஜெனரல் யோடல் வாக்குமூலம் கொடுத்தார். தற்போதுள்ள தளங்களிலிருந்து பிரிட்டனைக் குண்டுவீசிப் பணியவைக்க முடியாது என்று ஜெர்மன் விமானப்படையின் சொந்த ஆய்வே 1938 செப்டம்பரில் சொன்னது. இவை லண்டனுக்குத் தெரியாதவை. ஆகவே அவர்கள் மேல் குற்றமாகச் சுமத்த மாட்டேன். ஆனால் ஜெர்மனி இரண்டு முனைகளில் படையைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதையும், 35 டிவிஷன் கொண்ட ஒரு நட்புப் படை கோட்டைகளுக்குள் காத்திருக்கிறது என்பதையும் அறிய உளவுத்துறை தேவையில்லை, வரைபடம் போதும். பிரிட்டன் தரைப்படையாக அனுப்பக்கூடியதாக இருந்தது இரண்டே டிவிஷன். தன்னிடம் இரண்டு டிவிஷன் மட்டும் வைத்திருக்கும் அரசு, பிறருடைய முப்பத்தைந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, படைபலம் போதாததால் கொடுத்தோம் என்று சொல்வதில் கணக்கும் இல்லை, தர்க்கமும் இல்லை.

இந்த வழிக்கு எதிரான ஐயங்களும் சாதாரணமானவை அல்ல. மார்ச் மாதம் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிய பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் தெற்கு எல்லை திறந்து கிடந்தது; அங்கே கோட்டைகள் வலுவில்லாதவை. செக் படை வீரர்களிலேயே கணிசமானோர் ஜெர்மானியர். சோவியத் படை வர வேண்டுமானால் போலந்து அல்லது ருமேனியா வழிவிட வேண்டும். போலந்து விடாது என்பது உறுதி. ஸ்டாலின் தம் தளபதிகளைக் கொன்று குவித்திருந்த நேரம் அது. அவர்களில் ஒருவரான மார்ஷல் துகாச்சேவ்ஸ்கி சுடப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரான்சின் மனநிலை. ஆகஸ்டில் ஜெர்மனிக்குச் சென்று விமானக் காட்சிகளைப் பார்த்துத் திரும்பிய பிரெஞ்சு விமானப்படைத் தலைவர் வியமேன், போர் வந்தால் தம் விமானப்படை இரண்டே வாரத்தில் அழிந்துவிடும் என்றார். 1939 செப்டம்பரில் போலந்து தனியே அழிந்துகொண்டிருந்தபோது ஸார் பகுதியில் சில கிலோமீட்டர் முன்னேறிவிட்டுத் திரும்பிய பிரெஞ்சுப் படை, 1938இல் மட்டும் ரைன் நோக்கிப் பாய்ந்திருக்கும் என்று எப்படி நம்புவது? என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனாலும் பிரான்ஸ் அசையாமல் இருந்திருந்தாலும், மலைக்கோட்டைகளை உடைத்து முன்னேறும் ஜெர்மன் படை கணிசமான ஆட்களையும் தளவாடங்களையும் இழந்திருக்கும், ஸ்கோடா ஆலை முழுதாக அவர்கள் கைக்குப் போயிருக்காது. மோசமான விளைவோடு ஒப்பிட்டாலும் இந்த வழி நடந்ததைவிட மேலானது.

ஹால்டர், ஓஸ்டர் போன்ற ஜெர்மன் அதிகாரிகள் ஹிட்லரைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதை இந்த வழியின் ஆதாயமாகச் சிலர் சேர்ப்பதுண்டு. அவர்களுடைய தூதராக க்ளைஸ்ட்-ஷ்மென்ட்ஸின் ஆகஸ்டில் லண்டனுக்கு வந்தது உண்மை. சேம்பர்லேன் அவர்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதில் நான் அவரோடு உடன்படுகிறேன். நடக்காத சதிப்புரட்சியின் மேல் ஒரு நாட்டின் பாதுகாப்பைக் கட்ட முடியாது.

பேசித் தீர்த்திருக்கலாமே என்ற வழியை நீண்ட நேரம் ஆராயத் தேவையில்லை. சூடேட்டன் ஜெர்மானியரின் தலைவர் கோன்ராட் ஹென்லைனிடம் ஹிட்லர் 1938 மார்ச் 28ஆம் நாள் கூறிய அறிவுரை ஆவணமாகக் கிடைத்திருக்கிறது. நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். செப்டம்பர் தொடக்கத்தில் அதிபர் பெனெஷ் தம் நான்காவது திட்டத்தில் ஹென்லைனின் கோரிக்கைகளில் ஏறத்தாழ அனைத்தையும் ஒப்புக்கொண்டபோது, அவர்கள் மகிழவில்லை, திகைத்தார்கள். உடனே ஒரு கலவரத்தைக் காரணம் காட்டிப் பேச்சை முறித்தார்கள். பிரிட்டன் அனுப்பிய ரன்சிமன் பிரபுவின் சமரசக் குழு பிராகாவில் கழித்த வாரங்கள் வீணாயின. உண்மையான குறை தீர்ந்துவிடும் என்று அஞ்சும் தரப்போடு சமரசம் பேசுவதில் பொருளில்லை.

இதே காரணத்தால்தான் மியூனிக்கைக் காட்டி எல்லா விட்டுக்கொடுத்தலையும் பழிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். 1938 பிப்ரவரியில் சேம்பர்லேனோடு முரண்பட்டுப் பதவி விலகிய ஆன்டனி ஈடன், 1956இல் பிரதமராக இருந்தபோது, சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய எகிப்து அதிபர் நாசரை ஹிட்லர், முசோலினி வரிசையில் வைத்துப் பார்த்துப் படையெடுத்தார். நாசர் தம் நாட்டு எல்லைக்குள் இருந்த கால்வாய் நிறுவனத்தை எடுத்துக்கொண்டார். அண்டை நாட்டின் அரணைக் கேட்கவில்லை. அமெரிக்கா கொடுத்த நெருக்குதலில் பவுண்டு தள்ளாட, பிரிட்டிஷ் படை அவ்வாண்டு இறுதிக்குள் திரும்பியது. ஈடன் 1938ஐ நேரில் பார்த்தவர் என்பதுதான் இதில் வேடிக்கை.

செக்கோஸ்லோவாக்கியா தனியே போரிட்டிருக்கலாமா என்பது லண்டனின் தேர்வு அல்ல, பிராகாவின் தேர்வு. செப்டம்பர் 21ஆம் நாள் விடியற்காலை இரண்டு மணிக்குப் பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதர்கள் பெனெஷை எழுப்பி, மறுத்தால் தனித்து விடப்படுவீர்கள் என்று சொன்ன பிறகு, அந்தத் தேர்வில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். இங்கே இந்தியாவிலிருந்து எழுந்த ஒரு குரலையும் சொல்ல வேண்டும். அந்த அக்டோபரில் எல்லைப்புற மாகாணத்தில் இருந்த காந்தி, செக் மக்கள் ஆயுதமின்றி, பணியவும் மறுத்து, உயிரைக் கொடுத்து எதிர்க்கலாம் என்று ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். மியூனிக்கில் கிடைத்த சமாதானம் வன்முறைக்குக் கிடைத்த வெற்றியே என்றும் சொன்னார். நோயறிதலில் அவர் சேம்பர்லேனைவிடத் தெளிவாக இருந்தார். மருந்து அந்த எதிரிக்குப் பொருந்தியிருக்குமா என்றால், பிராகா நுழைவுக்குப் பின் அங்கே நடந்ததைப் பார்க்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஆகஸ்டில் பிராகாவுக்கே சென்று வந்த நேரு, பிரிட்டனின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார்.

என் கணிப்பில் மிகச் சிறந்த வழி செப்டம்பரில் இல்லை, அந்த ஆண்டு மார்ச்சில் இருந்தது. ஆஸ்திரியா விழுந்த ஐந்தாம் நாள், மார்ச் 17இல், சோவியத் வெளியுறவு ஆணையர் லித்வினோவ், ஆக்கிரமிப்பைத் தடுக்க விரும்பும் அரசுகள் உடனே கூடிப் பேச வேண்டும் என்று அழைத்தார். 24ஆம் நாள் சேம்பர்லேன் நாடாளுமன்றத்தில் அந்த அழைப்பைத் தட்டிக்கழித்தார். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு உத்தரவாதம் தரவும் மறுத்தார். அப்போது உத்தரவாதம் அளித்துப் பிரான்சையும் சோவியத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மே மாத இறுதியில், படையெடுப்பு வருகிறதென்ற வதந்தியை நம்பி செக் அரசு ஒரு பகுதிப் படையைத் திரட்ட, லண்டனும் பாரிஸும் எச்சரித்தன. அதனால் அவமானமுற்ற ஹிட்லர் மே 30ஆம் நாள் செக்கோஸ்லோவாக்கியாவை நொறுக்குவது தம் மாறாத முடிவு என்று ஆணையிட்டார். எச்சரிக்கை அவரைச் சினமூட்டும், நிறுத்தாது என்ற வாதத்துக்கு இது சான்றாகலாம். ஆனால் ஓர் எச்சரிக்கைக்குப் பிறகு உத்தரவாதம் வருகிறதா, ரன்சிமன் வருகிறாரா என்பதைப் பார்த்துத்தான் எதிரி அதை மதிப்பிடுவான். அந்தக் கோடையில் வந்தவர் ரன்சிமன்.

ரைன்லாந்துக்குள் ஜெர்மன் படை நுழைந்த 1936 மார்ச் 7ஆம் நாளே தடுத்திருந்தால் எல்லாவற்றையும்விட மலிவாக முடிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது 1938இல் முடிவெடுத்தவர்களின் கையில் இல்லாத வழி.

மீதமிருப்பது, வாங்கிய பதினொரு மாதத்தை இரு தரப்பும் எப்படிச் செலவிட்டன என்ற கணக்கு. பிரிட்டன் தன் வான்காப்பை வளர்த்தது. ஜெர்மனியோ நூற்றுக்கும் மேற்பட்ட டிவிஷன்களோடு 1939 செப்டம்பரில் களமிறங்கியது. மேற்கு அரணும் அதற்குள் வலுப்பெற்றிருந்தது. மியூனிக்குக்கு அழைக்கப்படாத ஸ்டாலின் மே மாதம் லித்வினோவை நீக்கிவிட்டு மோலோடோவை அமர்த்தினார். ஆகஸ்டில் சோவியத்தோடு கூட்டணி பேசப் போன பிரிட்டிஷ், பிரெஞ்சு இராணுவக் குழு மெதுவான கப்பலில் லெனின்கிராடு போய்ச் சேர்ந்தது. அதன் தலைவர் அட்மிரல் டிராக்ஸின் கையில் கையெழுத்திடும் அதிகாரத்துக்கான கடிதம்கூட இல்லை. இருபத்து மூன்றாம் நாள் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் விமானத்தில் மாஸ்கோவுக்கு வந்து, ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

செக்கோஸ்லோவாக்கியாவுக்கு மறுக்கப்பட்ட உத்தரவாதம் 1939 மார்ச் 31ஆம் நாள் போலந்துக்குத் தரப்பட்டது: கோட்டை மலைகள் இல்லாத, சோவியத் துணை இல்லாத, பிரிட்டன் நேரில் எட்ட முடியாத ஒரு நாட்டுக்கு. ஆகஸ்ட் 22ஆம் நாள் ஒபர்சால்ஸ்பர்கில் தம் தளபதிகளைக் கூட்டிய ஹிட்லர், எதிரிகள் அற்பப் புழுக்கள், அவர்களை மியூனிக்கில் பார்த்திருக்கிறேன் என்றார். அந்த உத்தரவாதம் இம்முறை உண்மையானது என்பதை அவர் செப்டம்பர் 3ஆம் நாள்தான் அறிந்தார். அன்றே வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் எவரையும் கேட்காமல் இந்தியாவையும் போரில் சேர்த்தார். எதிர்ப்புத் தெரிவித்துக் காங்கிரஸ் மாகாண அமைச்சரவைகள் பதவி விலகின, சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை உட்பட.